செப்பேட்டுச் சாசனங்களும் நம் மாணாக்கர் சரித்திரமும்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலுள்ள தோட்டப் பாடசாலைகளிலே சைவமும் சரித்திரமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு வினாவை எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. "அரசர் காலத்தில் நம்மவர் எங்கே இருந்தார்கள்?" என்று பிள்ளைகள் கேட்பர். இவ்வினாவுக்கு இருவகைத் தவறான விடைகள் எளிதில் வாய்க்கும். "நமக்குச் சரித்திரம் இல்லை" என்பது ஒன்று. கண்ட கல்லையும் செம்பையும் நம்முடையனவே என்று சாதிப்பது மற்றொன்று. முன்னையது பிள்ளையின் உள்ளத்தைக் குன்றச் செய்யும். பின்னையது அதன் அறிவைக் கெடுக்கும். ஆதலின், பழைய சாசனங்களை, சிறப்பாகச் செப்பேடுகளை, எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

செப்பேடாவது அரசன் இட்ட ஆணையைச் செம்புத் தகட்டில் வெட்டி, அதன் பயனைப் பெறுவோர் கையிற் கொடுத்த பத்திரமாம். கல்வெட்டு ஓரிடத்தே நின்று வருவோர் போவோர்க்கெல்லாம் அறிவிப்பது. செப்பேடோ பெற்றவன் வீட்டிலே காக்கப்பட்டு, வழக்கு நேர்ந்தபோது எடுத்துக் காட்டப்படுவது. இலங்கையில் இத்தகைய அரச பத்திரங்களைச் சிங்களத்திற் 'சன்னஸ்' என்பர். சோழநாட்டில் அரசன் வாய்மொழி முதலில் ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் பலராற் சரிபார்க்கப்பட்டு, பின்னரே செம்பில் ஏறிற்று. முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அவ்வாணையை அழியாத செம்பில் வெட்டுவித்தவன் அவன் மகன் இராசேந்திரன். அவ்வேடுகள் 21; வடமொழிப் பகுதி 5 ஏடுகளிலும் தமிழ்ப் பகுதி 16 ஏடுகளிலும் உள்ளன. ஒல்லாந்து தேசத்து இலெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டமையால் அவை 'இலெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன. தஞ்சையிலே பெருங்கோயில் எடுத்த சைவ மன்னன், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டரசன் எடுத்த பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்தான் என்பதை நாம் அறிவது இவ்வேடுகளாலன்றோ?

இனி நம் பகுதிக்கு வருவாம். சப்பிரகமுவத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து வானந் தெளிந்த காலையிற் காணப்படும் மலை சிவனொளிபாதம். சிங்களர் அதனை ஸ்ரீபாதம் என்பர். பௌத்தர், சைவர், இசுலாமியர், கிறித்தவர் என்னும் நாற்சமயத்தாரும் அம்மலையைப் போற்றுவர். முதலாம் விசயபாகு (1055–1110) அம்மலைக்குச் செல்லும் யாத்திரிகருக்கு அன்னமிடும் பொருட்டுக் கிலிமலை என்னும் ஊரைக் கொடுத்தான் எனச் சூளவமிசம் கூறும். இக்கிலிமலை இரத்தினபுரி மாவட்டத்திலே இன்றும் உள்ள ஊர். அவ்வரசனது அம்பகமுவக் கல்வெட்டோ நூல் கூறாத ஒன்றையுங் கூறுகின்றது. மேல் மேடைக்குச் செல்லுதற்கு இடம்பெறாத தாழ்ந்த குலத்தார் எனப்பட்டோர் நின்று வழிபடுதற்குக் கீழே வேறொரு மேடை அமைக்கப்பட்டது என்பதே அது. அரசன் ஈகையைப் புகழவந்த கல்லே அக்காலத்துச் சாதி வேறுபாட்டுக்குஞ் சான்றாகி நிற்கின்றது. சாசனம் தான் சொல்ல வந்ததன்றி, சொல்ல நினையாததையும் சொல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

சீதாவாக்கை முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவஞ் சார்ந்து, அம்மலையின் வருவாயைச் சைவ ஆண்டிகளுக்கு உரியதாக்கினான் எனவும், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) அதனை மீட்டுப் பௌத்த பிக்குகளிடம் ஒப்புவித்து, குட்டாபிட்டிய என்னும் சப்பிரகமுவ ஊரையும் கொடுத்தான் எனவும் சூளவமிசம் உரைக்கும். பின்னவனது கொடை செப்பேட்டிலும் ஏறிற்று. அவ்வரசன் மதுரையினின்றும் வந்த நாயக்கர் மரபினன் என்பதும் கருதத்தக்கது. இங்கே ஆசிரியர் நிதானமாக நிற்றல் வேண்டும். இராசசிங்கனை வாழ்த்தி ஆரவாரித்தலும், கீர்த்தி ஸ்ரீயை இகழ்தலும் நம் வேலையன்று. ஒரு கொடை ஒருவர்க்குப் பேறாகும்போது மற்றொருவர்க்கு இழப்பாதல் உண்டு. பெற்றவர் கையிலே ஏடு நிற்கும், இழந்தவர் சொல் ஏறிய ஏடு கிடைத்தல் அரிது. மாணாக்கர் அறிய வேண்டுவது இதுவே.

இக்கருத்தை நன்கு விளக்குவது பனாக்கடுவச் செப்பேடாகும். மாத்தறை மாவட்டத்து மொரவக்க கோறளையிலுள்ள பனாக்கடுவ என்னும் ஊரிலே 1948-ஆம் ஆண்டு மண்ணினின்றும் வெளிப்பட்ட இது மூன்று ஏடுகளையுடையது. சிங்கள மொழியில் அமைந்தது. கலாநிதி செனரத் பரணவிதான இதனை வாசித்து வெளியிட்டார். மேற்கூறிய விசயபாகு தனது 27-ஆம் ஆட்சியாண்டில், உறுகுணை நாட்டுத் தண்டநாயகராகிய புதல் என்பார்க்கு அளித்த சாசனம் இது. சோழர் இலங்கையை ஆண்ட காலத்தில், தன் தந்தையும் குடும்பத்தாரும் தமிழருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்து வாழ்ந்தனர் என்றும், இளையனாயிருந்த தன்னையும் அவர்களையும் புதல் காத்தார் என்றும் அரசன் நன்றியோடு கூறுகின்றான். அந்நன்றிக்காக அவருடைய மக்களும் பேரரும் குற்றஞ் செய்யினும் மன்னிக்கப்படுதல் வேண்டும், அவர் உடைமை பறிக்கப்படலாகாது என்று விதிக்கின்றான். அரசனாயினும் பெற்ற உதவியை மறவாது எழுத்திலே வைத்தான். செய்ந்நன்றியறிதலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

ஆயினும், தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே இச்சாசனத்தை வாசித்தால் அவர் முகம் வாடும். "தமிழர் கொடியர் என்றா அரசன் எழுதினான்?" என்பர். அதனை மறைத்தல் கூடாது. ஈழத்தரசன் ஐந்தாம் மகிந்தன் சோழராற் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே 1029-இல் இறந்தான். 1070-இல் விசயபாகு சோழரை வெளியேற்றினான். அத்தகையோன் வாக்கில் அக்கசப்பு இருத்தல் இயல்பே. ஆனால் அவ்வொரு ஏட்டோடு சரித்திரம் முடிந்துவிடாது. அதே விசயபாகுவின் படையிலே வேளைக்காரர் என்னும் வீரர் பணிபுரிந்தனர். ஒருமுறை அவர் கலகமுஞ் செய்தனர் என்று சூளவமிசம் கூறும். எனினும் அவன் இறந்த பின்னர், பொலன்னறுவையிலே புத்தர் தந்ததாது வைக்கப்பட்ட ஆலயத்தை நாம் காப்போம் என்று அவ்வேளைக்காரரே உறுதிபூண்டு, அதனைத் தமிழிலே கல்லில் வெட்டுவித்தனர். பனாக்கடுவ ஏட்டை மாத்திரம் வாசிப்பவன் பகையை மாத்திரங் காண்பான்; பொலன்னறுவைக் கல்லை மாத்திரம் வாசிப்பவன் நட்பை மாத்திரங் காண்பான். இரண்டையும் ஒருங்கு வைத்து வாசிப்பவனே சரித்திரம் வாசித்தவனாவான்.

கேகாலை மாவட்டத்துக் கொட்டகமத்திலே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியை வெண்பாவிற் பாடுகின்றது. பெல் என்பார் கேகாலை மாவட்டத்தைப் பற்றி எழுதிய அறிக்கையாலே அது அறிஞர்க்கு அறிமுகமாயிற்று. நம் மாவட்டத்திலே தமிழ்க் கல் உண்டு என்று பிள்ளைகள் மகிழ்தல் தகும். ஆனால் அது படையெடுத்து வந்த அரசனின் வெற்றிப் பாட்டு. தோட்ட மக்களின் முன்னோரோ 19-ஆம் நூற்றாண்டில், முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தமிழகத்தினின்றும் வந்தவர். அக்கல்லை இவர் வரவுக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் இவர்க்குரிய சாசனம் யாது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவினின்றும் வந்த தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதிலே மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தினதும் ஆளினதும் இலக்கங்களும் இருந்தனவேயன்றி அவருடைய பெயர் இல்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்லக் கடன் தீர்ந்தமை காட்டும் 'துண்டு' வேண்டப்பட்டது. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. புதலுக்குக் கொடுத்த செம்பு அவர் மக்களையும் பேரரையும் நினைந்தது. தொழிலாளிக்குக் கொடுத்த தகரமோ அவர் பெயரையும் நினையவில்லை.

இதன் விளைவு சிறிதன்று. பனாக்கடுவ ஏடு வெளிப்பட்ட அதே 1948-ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் இயற்றப்பட்டது. இந்நாட்டிற் பிறந்தமை மாத்திரம் அமையாது. தந்தை இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் எனக் காட்டல் வேண்டும் என்று அது கேட்டது. மலையை வெட்டித் தோட்டமாக்கியவரின் மக்கள் எழுத்துச் சான்றின்றி நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கை 975,000 பேரைப் பற்றியது. அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. இங்கே எஞ்சியோர்க்கு வழி செய்த சட்டம் 2003-இலேதான் வந்தது. எழுத்திலே ஏறாதவரின் துன்பம் எத்துணை நீண்டது பாருங்கள்!

ஆசிரியர்களே, இதனால் நாம் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, எச்சாசனத்தைக் கற்பிக்கும்போதும் மூன்று வினாக்களைப் பிள்ளைகள் வாயிலே பயிற்றுதல். இதனைச் சொல்பவர் யார்? இதனாற் பயன்பெறுபவர் யார்? இதிலே பேசாது விடப்பட்டவர் யார்? இம்மூன்றும் கைவந்த பிள்ளை எந்த ஏட்டுக்கும் அஞ்சாது. எந்த ஏட்டாலும் ஏமாறாது.

இரண்டாவது, நம்மவர் சாசனங்களை இன்றே சேர்த்தல். வீட்டிலிருக்கும் பிறப்புப் பத்திரம், பழைய தகர வில்லை, துண்டு, சம்பளச் சீட்டு, பாடசாலை இடாப்பு, கோயில் வரவுசெலவுப் புத்தகம், திருவிழா விளம்பரம், கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் வெட்டிய உபயகாரர் பெயர், கல்லறை எழுத்து ஆகிய இவையெல்லாம் சாசனங்களே. பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதட்டும். பிழையிருப்பினும் திருத்தாது உள்ளவாறே எழுதுக. கண்ட இடமும் நாளும் குறிக்க. மூலத்தை உரியவரிடமே விடுக. மணியிலே பெரியகங்காணியின் பெயர் மாத்திரம் இருப்பின், அதற்குச் சம்பளத்திற் பிடித்துப் பணங் கொடுத்தவர் உளரோ என்று முதியோரைக் கேட்டு அதனையும் எழுதுக. பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஊர், அவர் வேலை செய்த மலை என்பவற்றை எழுதாத பிள்ளை ஒன்றும் நம் வகுப்பில் இருத்தலாகாது. பழங்கல்லோ செம்போ தென்படின் சுரண்டாமலும் சுண்ணாம்பு பூசாமலும் தொல்பொருட் பகுதியினர்க்கு அறிவித்தல் வேண்டும். எழுத்து எம்மொழியினதாயினும் இவ்விதி ஒன்றே.

அரசர் நமக்குச் செப்பேடு தரவில்லை என்று வருந்திப் பயனில்லை. நான்கு ஐந்து தலைமுறைகளின் பெயரும் உழைப்பும் இன்னும் முதியோர் நாவிலே உள்ளன. அம்முதியோர் மறையுமுன் அவற்றை எழுத்திலேற்றுதல் நம் கையிலே இருக்கின்றது. இப்பணிக்குத் திருவருள் துணைநிற்பதாக.