வழித்தட அறிவிப்பு தடைப்பட்ட இடத்தைக் காணும் முறை

ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் கிளை அலுவலகமும் எம்.பி.எல்.எஸ். வலையமைப்பின் மீது அமைந்த மூன்றாம் அடுக்கு வி.பி.என். மூலம் இணைக்கப்பட்டிருக்கையில், தலைமையகத்தின் 10.1.1.0/24 என்ற வழித்தடம் கிளையின் ரூட்டரில் தோன்றாமற்போனால், காரணத்தை நிச்சயிக்குமுன் கண்ட இடத்திலெல்லாம் கட்டளைகளை மாற்றுவது அநர்த்தத்துக்கே ஏதுவாகும். 1999இல் ஆர்.எஃப்.சி. 2547 ஆக வெளிவந்து, 2006இல் ஆர்.எஃப்.சி. 4364 ஆக நிலைபெற்ற இந்த வி.பி.என். முறையில், சி.ஈ. எனும் வாடிக்கையாளர் ரூட்டரிலிருந்து புறப்படும் அறிவிப்பு, பி.ஈ. எனும் எல்லை ரூட்டரை அடைந்து, எம்.பி.-பி.ஜி.பி. வழியே மறுமுனைப் பி.ஈ.க்குச் சென்று, அங்கிருந்து கிளையின் சி.ஈ.யைச் சேர்கிறது. ஆதலால், அது புறப்படும் இடத்தில் தொடங்கி, அது செல்லும் திசையிலேயே பின்தொடர்வதுதான் உத்தமமான மார்க்கம்.

1. தலைமையகத்துப் பி.ஈ.யில் அந்த வாடிக்கையாளருக்குரிய வி.ஆர்.எஃப். அட்டவணையைப் பாருங்கள். வழித்தடம் அதில் இல்லையெனில், குறை சி.ஈ.க்கும் பி.ஈ.க்கும் இடைப்பட்டது. இன்டர்ஃபேஸ் உரிய வி.ஆர்.எஃப்.இல் உள்ளதா என்றும், சிஸ்கோ ஐ.ஓ.எஸ். ரூட்டர்களில் அவ்வாறு சேர்க்கும்போது நீங்கிவிடும் ஐ.பி. முகவரி மீண்டும் இடப்பட்டதா என்றும் சோதியுங்கள்.

2. அதே பி.ஈ.யின் வி.பி.என்.வி4 அட்டவணையைப் பாருங்கள். வழித்தடம் ஓ.எஸ்.பி.எஃப். மூலமோ ஸ்டாட்டிக் ரூட்டாகவோ வந்திருந்தால், அது பி.ஜி.பி.க்குள் ரீடிஸ்ட்ரிப்யூட் செய்யப்பட்டிருக்க வேண்டும். முகவரிக்கு முன் சேரும் 64 பிட் ரூட் டிஸ்டிங்விஷர், ஒரே பெயருடைய இருவரைத் தலைப்பெழுத்துப் பிரித்துக் காட்டுவதுபோல, வெவ்வேறு வாடிக்கையாளரின் ஒரே முகவரியைப் பிரித்துக் காட்டுமேயன்றி, அதை யார் ஏற்பது என்பதை நிர்ணயிப்பதில்லை. அவ்வதிகாரம் ரூட் டார்கெட்டுக்கே உரியதாகையால், எக்ஸ்போர்ட் டார்கெட் வழித்தடத்துடன் இணைந்துள்ளதா என்பதை அவசியம் பாருங்கள்.

3. பி.ஜி.பி. செஷன் நிலைபெற்றிருப்பது மட்டும் போதிய பிரமாணமன்று. வி.பி.என்.வி4 முகவரிக் குடும்பம் இருபுறமும் செயற்படுத்தப்பட்டுள்ளதா, ரூட் டார்கெட்டைச் சுமந்துசெல்லும் எக்ஸ்டென்டெட் கம்யூனிட்டி அனுப்பப்படுகிறதா, இடையில் ரூட் ரிஃப்ளெக்டர் இருப்பின் இரு பி.ஈ.க்களும் அதன் கிளையண்டுகளாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று ஆராயுங்கள்.

4. கிளைப்புறப் பி.ஈ.யில் இம்போர்ட் டார்கெட்டை ஒப்பிடுங்கள். எந்த வி.ஆர்.எஃப்.உடனும் பொருந்தாத வழித்தடத்தைப் பி.ஈ. சாதாரணமாக நிராகரித்துவிடுமாதலால், அட்டவணையில் இல்லாதது கொண்டே அது வந்துசேரவில்லை என்று தீர்மானித்தல் தவறு. 65000:100 என்பது ஒருபுறமும் 65000:110 என்பது மறுபுறமும் இருந்தால், அதுவே முழுக் காரணம்.

5. நெக்ஸ்ட் ஹாப்பாகிய தலைமையகத்துப் பி.ஈ.யின் லூப்பேக் முகவரிக்கு வழியும் லேபிளும் உள்ளனவா என்று பாருங்கள். வழியில்லையேல் பி.ஜி.பி. அவ்வழித்தடத்தைத் தேர்ந்தெடுக்காது, வழியிருந்தும் லேபிள் தொடர் அறுந்திருந்தால், வழித்தடம் தோன்றினாலும் பாக்கெட்டுகள் போய்ச்சேரா.

6. இறுதியாக, பி.ஈ. கிளையின் சி.ஈ.க்கு அறிவிக்கிறதா என்று காணுங்கள். இரு அலுவலகங்களும் ஒரே ஏ.எஸ். எண்ணைக் கொண்டு பி.ஜி.பி. நடத்தினால், தன் எண்ணையே பாதையில் காணும் சி.ஈ., சுழற்சியென எண்ணி அறிவிப்பைத் தள்ளிவிடும், பி.ஈ.யில் ஏ.எஸ். ஓவர்ரைடு இடுவது இதற்குப் பரிகாரம்.

இவ்வளவும் ஒரு திசைக்கே ஆயிற்று. தலைமையகத்தின் அறிவிப்பு கிளையின் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே வழிகாட்டும்; அவற்றுக்குரிய மறுமொழி திரும்பிவர கிளையின் அறிவிப்பும் தலைமையகத்தை எட்டியாக வேண்டும். ஆகவே இதே சோதனையை எதிர்த்திசையிலும் நடத்துங்கள். ஒரு திருத்தத்தின் பலனைக் கண்ணால் கண்ட பின்னரே அடுத்த திருத்தத்தில் கைவையுங்கள்.