வீடே மருத்துவமனையான வரலாறு: காசநோய் ஆராய்ச்சி நமக்குக் கற்பிப்பவை

காசநோய் என்று பரிசோதனையில் உறுதியானவுடன் நோயாளரின் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "இவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகள் இருக்கிறார்களே!" என்பதே அக்கேள்வி. அதன் பின்னால் அச்சமும் உண்டு, அன்பும் உண்டு. தனித்தட்டு, தனிப்பாய், திண்ணையோரம் என்று நோயாளரை ஒதுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் நிலவுகிறது.

இக்கேள்வியை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அரசும் ஆராய்ச்சியாளர்களும் சென்னையில் முறையாகக் கேட்டார்கள். அங்குக் கிடைத்த விடை உலக நாடுகளின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களிலும் நடந்தது. அதை இவ்விதழில் பாடமாகக் காண்போம்.

சானடோரியக் காலம்

காசநோய்க்கு மருந்து இல்லாத நாளில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாகக் கருதப்பட்டன. இதற்கெனத் தனி உறைவிட மருத்துவமனைகள் அமைந்தன. அவை சானடோரியம் எனப்பட்டன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டு ஒரு சானடோரியம் திறக்கப்பட்டது. மதனப்பள்ளியைப் போலவே நம் திருத்தணி வட்டாரமும் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய சானடோரியத்தைப் பின்னர் அரசு ஏற்று நடத்தியது. அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

படுக்கைகளோ சில ஆயிரம். நோயாளரோ பல இலட்சம். இடம் கிடைத்தவர் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். கிடைக்காதவர் வீட்டிலேயே காத்திருந்தார். 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட் என்னும் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. அப்போதுதான் புதிய வினா பிறந்தது: நோயைத் தீர்ப்பது மருந்து என்றால், நோயாளர் சானடோரியத்தில்தான் இருக்க வேண்டுமா?

சேத்துப்பட்டில் நடந்த ஒப்பீடு

1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் இணைந்தன. இன்று அம்மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.

முதல் ஆய்வில் சென்னை நகரின் ஏழை நோயாளர் 193 பேர் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளரின் வசதிக்கோ விடாமல், குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்தனர். நோய் முற்றியவர் எல்லாரும் ஒரு பக்கத்திலும், இலேசாக உள்ளவர் எல்லாரும் மறுபக்கத்திலும் சேர்ந்துவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும் அல்லவா? அதைத் தவிர்ப்பதற்கே இம்முறை. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள், அதாவது ஐசோநியாசிட்டும் பாஸும், அளிக்கப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்க்கு ஓய்வு, செவிலியர் கவனிப்பு, நல்ல உணவு யாவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்க்கோ நெருக்கடியான குடியிருப்பும் குறைந்த உணவும்தான். அவர்களுள் பலர் உடலுழைப்பையும் விட முடியவில்லை. ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 100-க்கு 92 பேரிடமும், வீட்டுப் பிரிவில் 100-க்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. வசதிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தும், குணமடைந்தோர் விகிதத்தில் அத்தகைய வேறுபாடு இல்லை. ஆய்வின் முடிவு 1959-இல் வெளியாயிற்று.

உடனிருந்தோர் நிலை

குடும்பத்தாருக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர் நோயாளரோடு நில்லாமல், அவர்களுடைய வீட்டாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வந்தனர். நோயாளரை வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்த குடும்பங்களில், மற்றக் குடும்பங்களைக் காட்டிலும் காசநோய் மிகுதியாகத் தோன்றவில்லை. நோயாளர் மருந்து தொடங்குவதற்கு முன்பு, நோய் இன்னதென்று அறியாமல் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே வீட்டாருக்குப் பெரும்பாலான தொற்று நேர்ந்திருந்தது.

ஆகவே அஞ்ச வேண்டியது மருந்து உண்ணும் நோயாளரை அன்று. பரிசோதனைக்கு வராத இருமலையே அஞ்ச வேண்டும். தட்டும் பாயும் காசநோயைப் பரப்புவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியே பரப்புகிறது. தக்க மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது. மருத்துவர் சொல்லும் காலம்வரை முகக்கவசம் அணிவதும், இருமும்போது வாயை மூடுவதும், அறையில் காற்றோட்டம் இருக்கச் செய்வதும் போதுமானவை.

மாத்திரை உள்ளே சென்றதா?

வீட்டுச் சிகிச்சைக்கு ஒரு பலவீனமும் இருப்பதை ஆய்வாளர் மறைக்கவில்லை. மருத்துவமனையில் செவிலியர் கண்முன் மாத்திரை விழுங்கப்படுகிறது. வீட்டிலோ அதற்குச் சாட்சி இல்லை. எனவே அவர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா எனவும் கண்டறிந்தனர். உடல் தேறியதும் மருந்தை மறப்பது மனித இயல்பு என்பது தெளிவாயிற்று.

இதற்கு மாற்றாக, பணியாளர் முன்னிலையில் வாரம் இருமுறை மருந்து அளிக்கும் முறையையும் அதே மையம் சோதித்து 1964-இல் முடிவை வெளியிட்டது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து அளிக்கும் 'டாட்ஸ்' முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவுவதற்கு இத்தகைய ஆய்வுகள் அடிப்படையாயின. இந்தியாவில் அம்முறை 1997 முதல் பெரிய அளவில் செயற்படுத்தப்பட்டது. 2017 முதல் நாடு தினசரி மருந்து முறைக்கு மாறியது. மருந்து உண்ணும் நாட்கள் மாறினாலும், விடாமல் உண்ண வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

நம் மாவட்டத்தின் பங்கு

1968-இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மிகப்பெரிய ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 3,60,000 பேர் இதில் அடங்குவர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே எதிர்பாராத முடிவு. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. எனவே "சிறுவயதில் ஊசி போட்டாயிற்று, எனக்குக் காசநோய் வராது" என்று எவரும் இருந்துவிடலாகாது.

1999-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியில் டாட்ஸ் முறை முன்மாதிரியாகச் செயற்படுத்தப்பட்டது. இடைவெளிவிட்டு வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, ஐந்தாண்டுகளில் நுரையீரல் காசநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

அதே பகுதியில் குணமடைந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 18 மாதங்களுக்குள் 100-க்கு 12 பேருக்கு நோய் திரும்பியதைக் காட்டிற்று. மருந்தை ஒழுங்கின்றி உண்டவர்க்கும், புகைபிடித்தவர்க்கும் அது மிகுதியாகத் திரும்பியது. சிகிச்சையை இடையில் கைவிட்டவர்களிடையே மதுப்பழக்கம் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்ததை மற்றோர் ஆய்வு கண்டது.

நோயின் விலையும் உணவின் வலிமையும்

மருந்து இலவசம், எனினும் நோய் இலவசமாக வருவதில்லை. 1999-இல் வெளியான ஆய்வொன்று தமிழ்நாட்டுக் காசநோயாளர் 304 பேரின் குடும்ப நிலையை ஆராய்ந்தது. ஒரு நோயாளர் சராசரியாக 83 நாள் வேலையை இழந்தார். பெற்றோரின் நோயால் பள்ளிப் பிள்ளைகளுள் 100-க்கு 11 பேர் படிப்பை நிறுத்தினர். மேலும் 8 பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் சென்றனர். மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது போதாது, சமூக உதவியும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

உணவைப் பற்றிய ஆய்வு அண்மையில் வந்தது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் அது நடத்தப்பட்டது. நோயாளர் அனைவர்க்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. வீட்டாருள் ஒரு பிரிவினருக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கிடைத்தன. அவ்வாறு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளருள், முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை ஏறியவர்களிடையே இறப்பும் மிகக் குறைவாக இருந்தது.

சென்னை ஆய்வில் நல்லுணவு இல்லாதவரும் குணமடைந்தனரே, இது முரண் அன்றோ எனத் தோன்றலாம். முரண் இல்லை. மருந்தின் இடத்தை உணவு நிரப்ப முடியாது என்பது சென்னை ஆய்வின் பாடம். மருந்தோடு உணவும் சேரும்போது மெலிந்தவரின் உயிரும் வீட்டாரின் நலமும் காக்கப்படும் என்பது ஜார்க்கண்ட் ஆய்வின் பாடம். இவ்விரண்டையும் நாம் ஒருங்கே கொள்ள வேண்டும்.

காசநோயாளரின் உணவுக்காக நடுவண் அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. பணம் வங்கிக் கணக்கில் நேரே சேரும். கணக்கு விவரம் பதிவாகாமையால் இத்தொகை வந்து சேராதிருந்தால், சிகிச்சை தொடங்கிய இடத்துக் காசநோய்ப் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள்.

எல்லாருக்கும் வீடு போதுமா?

போதாது. கடுமையாக மெலிந்தவரும், மூச்சுத்திணறல் உள்ளவரும், துணையின்றி எழுந்து நிற்க இயலாதவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். இத்தகையோரை நோய் உறுதியானவுடனே பிரித்தறிவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தைத் தொடங்கியது. எடை, கால் வீக்கம், மூச்சு விடும் வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பணியாளர் பார்ப்பது இதற்காகவே. சேருமாறு சொன்னால் தயங்காதீர்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக்காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது இருப்பினும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

2. வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனைக்கு வாருங்கள். நோய் இல்லாதவர்க்குத் தடுப்பு மருந்து தேவையா என மருத்துவர் சொல்வார். சிறு குழந்தைகளின் விஷயத்தில் நாள் கடத்தாதீர்கள்.

3. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒருவர் கண்முன் மாத்திரை உண்ணும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

4. சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் இயல்பு, அஞ்ச வேண்டா. கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரைக் காணுங்கள்.

5. வேலைக்காக நகரி, புத்தூர் அல்லது சென்னை செல்ல நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் 'நிக்ஷய்' பதிவு எண் நாடு முழுவதும் செல்லும்; எல்லை தாண்டினாலும் மருந்து தடைபட வேண்டியதில்லை.

6. மதுவும் புகையும் நோயாளரைச் சிகிச்சையிலிருந்து விலக்குபவை. விட உதவி கேட்பதில் வெட்கம் வேண்டா.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

- நம் வீட்டில் எவரேனும் இரண்டு வாரமாக இருமுகிறாரா?
- நேற்றைய மாத்திரை உண்ணப்பட்டதை யார் பார்த்தது?
- சென்ற மாதத்தைவிட நோயாளரின் எடை கூடியிருக்கிறதா?
- உணவு உதவித்தொகை வந்து சேர்ந்ததா?

அன்று சேத்துப்பட்டில் தங்களை ஆய்வுக்கு ஒப்படைத்த 193 பேரும் எளிய மக்கள். குடும்பத்தோடு இருந்துகொண்டே நலம் பெறும் வழியை அவர்களே நமக்குத் திறந்துவிட்டனர். மருந்து உண்ணும் நோயாளரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அவர் நம்மோடு அமர்ந்து உண்ணலாம். ஒவ்வொரு நாளும் அந்த மாத்திரையை மறவாமல் கொடுப்பதே நம் கடமை.