கடவுச்சீட்டை மாற்றுமுன் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டில் பணியாற்றும் பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் கிளைகளில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: “என் மகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கவிருக்கிறது, இரட்டைக் குடியுரிமையாக வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு தகுமா?” இவ்வினாவுக்கு விடை கூறுமுன் அதன் முதற்பாதியைத் திருத்த வேண்டியுள்ளது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை என்பதே இல்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அந்த நாளிலேயே அவருடைய இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வந்துவிடுகிறது. அதற்கெனத் தனியே ஒரு விண்ணப்பமோ கையெழுத்தோ தேவையில்லை. கையிலிருக்கும் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். அதனைக் கொண்டு பயணம் செய்வது குற்றமாகும்.

ஓ.சி.ஐ. அட்டையின் பெயரிலுள்ள ‘சிட்டிசன்’ என்னும் சொல்லே இக்குழப்பத்துக்கு மூலம். 2006 ஜனவரியில் ஐதராபாத்தில் முதல் அட்டைகள் வழங்கப்பட்டபோது நாளேடுகள் பலவும் இதனை ‘இரட்டைக் குடியுரிமை’ என்றே எழுதின. உண்மையில் அது வாழ்நாள் நுழைவிசைவும் சில பொருளாதார உரிமைகளும் சேர்ந்த ஓர் ஆவணமே. இலங்கையில் நிலை வேறு. அங்கே 1987-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் இரட்டைக் குடியுரிமைக்கு வழியுண்டு. ஆகவே யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கனடாவிலிருந்து கூறும் அறிவுரை நம்மவர்க்கு அப்படியே பொருந்தாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு மலையில், விதுராவுக்கு அப்பால் அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் உள்ள போனக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தோட்டம் முடங்கிய பின் பிழைப்புத் தேடி மலையிறங்கிய பிள்ளைகள். 1956-இல் மாநில எல்லைகள் மாறிக் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இம்மலை கேரளத்தில் நின்றது. எனினும் மக்களின் குடியுரிமையில் மாற்றமில்லை. கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற அவர்தம் இனத்தாருக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையே மறுக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கிலும் 3,00,000 பேரை இலங்கையின் கணக்கிலும் எழுதியது. அவ்வாறு திரும்பியவருள் ஒரு பகுதியினருக்காகவே புனலூரில் மறுவாழ்வு ரப்பர்த் தோட்டம் 1976-இல் ஏற்பட்டது. தோட்டத் தமிழர்க்கு ஒரு காலத்தில் பிறர் முடிவு செய்து தந்த குடியுரிமை, இன்று அவர்தம் பேத்திகள் தாமே எடைபோட்டு முடிவெடுக்கும் பொருளாகியுள்ளது.

அப்படிப்பட்ட பேத்தி ஒருத்தியை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்வோம். போனக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர், செவிலியர், இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றுவிட்டார். தாய் விதுராவில் தனித்து வாழ்கிறார். தாயின் பெயரில் ஐம்பது சென்ட் ரப்பர் நிலம் உள்ளது. மகள் பிரித்தானியக் குடியுரிமை பெறலாமா?

கட்டணங்களை முதலில் தள்ளிவிடலாம். பிரித்தானியக் குடியுரிமைக்கு 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி 1,600 பவுனுக்கு மேலாகிறது. அதாவது ஒன்றேமுக்கால் இலட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஓ.சி.ஐ. அட்டைக்கு வெளிநாட்டில் 275 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை. ஒரு முறை செலுத்தி முடிப்பவை இவை. பெரும்பாலோர் இவற்றையே ‘செலவு’ என்று எண்ணி, மெய்யான செலவைக் காணத் தவறுகின்றனர்.

வரவுப் பக்கத்தில் நிற்பது தாயின் முதுமை. நிரந்தரத் தங்கும் உரிமை பெற்றவர் தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அவ்வுரிமை இழக்கப்படும். தாய்க்குப் பக்கவாதம் வந்து, மகள் மூன்றாண்டு உடனிருந்து பார்க்க நேர்ந்தால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகளுக்கு இங்கிலாந்து வேலையும் வாழ்வும் கைநழுவக்கூடும். குடியுரிமை பெற்றவருக்கு அந்த அச்சமில்லை; ஓ.சி.ஐ. அட்டையுடன் எத்தனை ஆண்டும் தாயின் அருகில் தங்கலாம். ஊரைவிட்டு விலகுவதற்கான தாள் என்று பலர் கருதும் கடவுச்சீட்டு, இவரைப் போன்றவர்க்கு ஊருக்கு வந்து தங்குவதற்கான தாளாகவும் ஆகிறது. இதற்கு ஒன்றேமுக்கால் இலட்சம் மிகையன்று என்பதே எங்கள் கருத்து.

செலவுப் பக்கத்தில் நிற்பது நிலம். இங்கேதான் தவறான செய்திகள் மிகுதி. “குடியுரிமை மாறினால் தோட்டம் வாங்க முடியாது” என்பர். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2019-இல் வந்த விதிகளின்படி, வேளாண் நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் விலைக்கு வாங்க இயலாது. ஆகவே அத்தடை கடவுச்சீட்டு மாறும் நாளில் தொடங்குவதன்று. வேலைக்காக வெளிநாடு சென்று குடியேறிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வேறுபாடு திரும்பி வரும்போதுதான் தெரியும். இந்தியக் குடிமகளாகவே ஊர் திரும்பி நிலைத்தவர் மீண்டும் தோட்டம் வாங்கலாம். ஓ.சி.ஐ. அட்டையாளர்க்கு உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4 அறிவிப்பு தரும் சொத்துரிமையோ இம்மூவகை நிலங்களையும் விலக்கியே தரப்பட்டுள்ளது. ஓய்வுக்குப் பின் விதுராவில் இரண்டு ஏக்கர் ரப்பர் வாங்கி வாழ வேண்டுமென்ற கனவு ஒருவருக்கு இருப்பின், அவர் செலுத்தும் மெய்யான விலை அக்கனவே.

தாயின் ஐம்பது சென்ட் என்னாகும்? அது மகளுக்கு வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ வருவதற்குத் தடையில்லை. ஆனால் தாய் உயிரோடிருக்கும்போதே தானப் பத்திரமாக எழுதித் தர விதி இடம் தராது. தான வழியில் வேளாண் நிலத்தை ஓ.சி.ஐ. அட்டையாளரோ வெளிநாடு வாழ் இந்தியரோ பெற இயலாது. அன்பின் மிகுதியால் அவசரமாகத் தானம் எழுதுவோர் இதனைக் கருதுவதில்லை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனாலேயே அது முறையானதாகிவிடாது. மீறலுக்கு, தொடர்புடைய தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வாரிசாகப் பெற்ற நிலத்தை விற்க விரும்பினால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். கிடைக்கும் தொகை என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும், வரி செலுத்திய சான்றுகளுடன் ஒரு நிதியாண்டில் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஐம்பது சென்ட் நிலத்துக்கு அவ்வரம்பு ஒருநாளும் இடைஞ்சலாகாது!

வங்கிக் கணக்குகளைப் பற்றிய கவலை தேவையற்றது. என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்குகளை ஓ.சி.ஐ. அட்டையாளரும் வைத்திருக்கலாம். வருமான வரியிலும் இந்தியா பார்ப்பது பெரும்பாலும் ஒருவர் எத்தனை நாள் இங்கே தங்கினார் என்பதையே. எந்நாட்டுக் குடிமகன் என்பதையன்று. அமெரிக்கா இதற்கு விலக்கு. அந்நாடு தன் குடிமக்கள் உலகில் எங்கு வாழ்ந்தாலும் அவர்தம் முழு வருமானத்தையும் கேட்கும். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டு இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்கவும் வேண்டும். சென்னையில் ஓய்வு வாழ்க்கை நடத்த எண்ணும் அமெரிக்கக் குடிமகன், ஆண்டுதோறும் கணக்காயருக்குத் தரும் கட்டணத்தையும் செலவில் எழுதிக்கொள்வது நல்லது.

பணத்தால் அளக்க முடியாதவையும் உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் நேரில் வந்தால் வாக்களிக்கலாம். அட்டையாளருக்கு அவ்வுரிமை இல்லை. அரசுப் பணியும் பொதுவாக இல்லை. 2021 அறிவிப்புக்குப் பின் அட்டை பெறும் பிள்ளைகள் நீட் போன்ற தேர்வுகளில் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே தகுதி பெறுவர். பிள்ளையை இங்கே மருத்துவம் படிக்கவைக்க எண்ணும் பெற்றோர்க்கு இவ்வொரு வரி, மேற்கூறிய கட்டணங்கள் அனைத்தையும் விடப் பன்மடங்கு பெரிய செலவாகலாம். பின்னர் மனம் மாறினால் திரும்பும் வழி அடைபடுவதில்லை. ஆயினும் அது நெடியது. அட்டை பெற்று ஐந்தாண்டு கழிய வேண்டும்; விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும்; பெற்ற அயல்நாட்டுக் குடியுரிமையையும் விட வேண்டும்.

நமது எடுத்துக்காட்டுச் செவிலியர் குடியுரிமை பெறுவதே தகும் என்போம். ஊரில் புதிதாகத் தோட்டம் வாங்கும் எண்ணமில்லாதவரை. அவர் தம் தாயிடம் தானப் பத்திரம் கேளாமல், உயில் ஒன்றை எழுதிப் பதிவு செய்யச் சொல்லட்டும். புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அதன் படியையும், பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்த சான்றின் படியையும், ஓ.சி.ஐ. அட்டையின் படியையும் தம் கணக்குள்ள கிளைக்கு அனுப்பி, கே.ஒய்.சி. விவரங்களையும் வரிக் குடியிருப்பு உறுதிமொழியையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நியமனதாரராகத் தாயின் பெயர் மட்டுமே இருப்பின் அதனையும் அப்போதே பார்த்துக்கொள்வது நன்று.