காம்படியைப் பார்

அன்புள்ள தேன்மொழிக்கு,

கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினால் பாதி குப்பைக்குத்தான் போகிறது என்று போனில் வருத்தப்பட்டாய். தனியாகச் சமைக்கிற யாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. உழவர் பாடுபட்டு விளைவித்த காய் வீணாவது எனக்கும் பொறுக்காது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கி வந்ததும் கழுவாதே. மிளகாயைக் கெடுப்பது ஈரம்தான். கடையில் தண்ணீர் தெளித்திருந்தால் பருத்தித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் உலரவிடு. பிறகு காம்பைக் கிள்ளு. அழுகல் பெரும்பாலும் காம்படியில்தான் தொடங்கும். கிள்ளும்போது சதை கிழிந்துவிட்டால் அதை அன்றைய சமையலுக்கு எடுத்துக்கொள். மற்றதை மூடியுள்ள டப்பாவில், அடியிலும் மேலும் டிஷ்யூ தாள் வைத்துப் போடு. செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். தாள் நமத்தால் மாற்றிவிடு.

மிளகாய்க்கு ஏற்ற குளிர் 7 முதல் 10 டிகிரி. அதற்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், விதை பழுப்பாகும். ஆகவே ஃப்ரீஸரை ஒட்டிய தட்டில் வைக்காமல், அடியிலுள்ள காய்கறிப் பெட்டியில் வை. இரண்டு வாரம் தாங்கும்.

எது கெட்டது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். சுருங்கிய மிளகாயில் நீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். சாம்பாரில் தாராளமாகப் போடலாம். சிவந்தது பழுத்தது. விதை பழுப்பு நிறமாகி, சதை கெட்டியாக, வாடையில்லாமல் இருந்தால் விதையைத் தட்டிவிட்டுச் சமை. ஆனால் தொட்டால் வழவழத்தாலோ, அமுக்கினால் நீர் கசிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ, காம்படியில் பூசணம் தெரிந்தாலோ யோசிக்காமல் எறி. பூசணத்தை மட்டும் வெட்டி மிச்சத்தைச் சமைக்காதே. நீர்ச்சத்துள்ள மெல்லிய சதை அது. கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் பூசணம் ஓடியிருக்கும். கூட இருந்த மற்ற மிளகாய்களைத் துடைத்து, புதுத் தாளில் மாற்று.

இன்னொன்று: வெளியே பளபளவென்று இருக்கும் மிளகாயின் உள்ளே, விதையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருப்பதுண்டு. முழுசாகத் தாளிப்பில் போடாமல், கீறிப் பார்த்துப் போடு. எண்ணெயில் வெடித்துத் தெறிக்காமலும் இருக்கும்.

மிஞ்சுகிறது என்று தெரிந்தால் நறுக்கி ஃப்ரீஸரில் வைத்துவிடு. துவண்டுபோகும், காரம் குறையாது. வெயில் நன்றாக அடிக்கும் மாதமென்றால் உப்புத் தயிரில் ஊறவைத்து மோர் மிளகாய் போடு. எனக்கு அதுதான் பிடித்த வழி.

பச்சை மிளகாயை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் மட்டும் வைக்காதே. காற்றுப் புகாத அந்த இடத்தில் பாட்டுலிசம் நோயைத் தரும் கிருமி வளரலாம். அதன் நஞ்சு நிறத்திலோ வாடையிலோ தெரியாது. ஊறுகாயென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தாராளமாகச் சேர்த்துப் போடு. எத்தனை காய்க்கு எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி