மணி அறிந்து அணிதல்

நுழையும்முன்

நிறமும் ஒளியும் கண்ணைக் கவரும். ஆயினும் அவை மட்டுமே ஒரு மணியின் தகுதியை உணர்த்திவிடா. மணியை ஆராய்ந்து தேர்வதும் அதன் இயல்பறிந்து பேணுவதும் பயின்று பெறவேண்டிய திறன்கள். அவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சிலம்பினுள் பரல்

பாண்டிமாதேவியின் சிலம்பு முத்துப்பரல் கொண்டது. கண்ணகியின் சிலம்போ மாணிக்கப்பரல் கொண்டது. இவ்வேறுபாடு அரசவையில் வெளிப்படும் முன்னரே கோவலன் கொலையுண்டான். அதே காப்பியத்தின் ஊர்காண் காதை, மணிகளின் குற்றமும் குணமும் பகுத்தறிந்த மதுரை வணிகர் வீதியைக் காட்டுகிறது. அத்தகைய நகரில் ஒரு சிலம்பினை உரிய காலத்தில் ஆராய்வார் இல்லாமற்போயினர். ஆராயாமையின் விலை ஓர் உயிராயிற்று.

தமிழர் மணித்தொழில்

நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ எனக் குறிக்கப்பெறும் ஊர் இதுவென்பர். இங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் மூலக்கற்களும், பாதி செதுக்கிய மணிகளும், முழுமையுற்ற மணிகளும் கிடைத்துள்ளன. கற்களைத் தீட்டும் குருந்தக் கல்லையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ‘கொரண்டம்’ என்னும் ஆங்கிலப் பெயரே குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லின் வழிவந்ததாகும். மாணிக்கமும் நீலமும் இக்குருந்தத்தின் வகைகளே. குரோமியம் கலந்தால் செம்மையும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமும் தோன்றுகின்றன.

தேர்ந்தெடுத்தல்

கடையின் விளக்கொளி கல்லின் நிறத்தை மிகுத்துக் காட்டக்கூடும். ஆதலின் பகலொளியிலும் பார்த்தல் வேண்டும். பின்னர், அக்கல் எவ்வகையினது என வினவுதல் வேண்டும். மண்ணில் விளைந்தது இயற்கைக்கல். அதே வேதிப்பொருளால் ஆய்வகத்தில் உருவாக்கப்படுவது செயற்கைக்கல். வெர்னாயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை 1902ஆம் ஆண்டு வெளியிட்டார். நிறத்தால் மட்டும் ஒத்த கண்ணாடி, போலிக்கல்.

இயற்கைக்கற்களிலும் மெருகூட்டப்பெற்றவை உண்டு. நிறம் சிறக்க மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றுவர். வெடிப்பு மறைய மரகதத்தில் எண்ணெய் ஊட்டுவர். செயற்கைக்கல்லை விற்பதும் மெருகேற்றுவதும் குற்றமல்ல. அதனை மறைத்து விற்பதே குற்றம். எனவே கல்லின் வகை, எடை, மெருகூட்டல் ஆகியவற்றை விலைச்சீட்டில் எழுதிப் பெறுதல் வேண்டும். விலைமிக்க கல்லாயின் ஆய்வகச் சான்றிதழும் பெறுதல் நன்று. குருதியும் வியர்வையுமாய்ச் சேர்த்த ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பது இச்சிறு விழிப்புணர்வே.

பேணுதல்

மோசு அளவுகோலில் வைரத்தின் கடினம் 10, குருந்தம் 9, படிகக்கல் 7. முத்தும் பவளமும் ஏறத்தாழ 3 முதல் 4 வரையே. காற்றில் கலந்த தூசியிலும் படிகத்துகள் உண்டு. ஆகவே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மென்மணிகள் கீறலுறும். எல்லா மணிகளையும் ஒரே பேழையில் இட்டால், வன்மணி மென்மணியைத் தேய்க்கும். தனித்தனித் துணிப்பைகளில் வைத்தலே முறை.

மரகதம் கடினமுடையதேனும் எளிதில் வெடிக்கக்கூடியது. அதனை வெந்நீரில் இடுதலும், ஒலியதிர்வுக் கருவியில் தூய்மைசெய்தலும் ஆகா. ஊட்டிய எண்ணெய் வெளியேறிவிடும். வியர்வையும் நறுமணத் தைலமும் முத்தின் ஒளியைக் கெடுக்கும். எனவே ஒப்பனை முடிந்தபின் முத்தணியை இறுதியில் அணிந்து, முதலில் கழற்றி, ஈரமான மென்துணியால் துடைத்தல் வேண்டும். செவ்வூதாக்கல் நெடுநாள் வெயிலில் நிறம் மங்கக்கூடும். கல்லைப் பற்றியிருக்கும் பற்கள் தளர்ந்தனவா என ஆண்டுக்கொருமுறை பொற்கொல்லரிடம் காட்டுதல் நன்று.

மணியின் ஒளி காண்போர்க்கெல்லாம் புலப்படும். அதன் மெய்ம்மை ஆராய்வார்க்கே புலப்படும். அன்று மதுரை அவை காலங்கடந்து கற்ற பாடத்தை நாம் முன்னரே கற்றுத் தெளிவோம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். மரகதம் மாணிக்கத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் ஒரே எடையும் வடிவமும் உடைய கற்களுள் மரகதமே பெரிதாகத் தோன்றும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பொற்கொல்லரிடம் உரையாடி, கற்களைப் பதிக்கும் முறைகளையும் அவர் வழங்கும் தொழிற்சொற்களையும் தொகுக்க.
2. ‘ஆராய்ந்து தெளிதல்’ என்னும் தலைப்பில் கோவலன் கொலையுண்ட நிகழ்வை முன்வைத்து வகுப்பில் உரையாற்றுக.