ஊமைக்காயத்துக்கு ஒரு ஸ்கேன் போதுமா?

பைக்கிலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் (தண்ணீர் கொடுப்பதே தவறு, அது தனிக்கதை) கூட்டம் கேட்கும் கேள்வி: "காது, மூக்குல ரத்தம் வருதா?" வரவில்லை என்றால் பாதிப்பேர் கலைந்துவிடுவார்கள்.

உள்ளே கசியும் ரத்தம் வெளியே வந்தாக வேண்டும் என்பதில்லை. 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் எழுந்து நன்றாகத்தான் பேசினார். வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு நாளில் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்திருந்தது.

"பி.பி. நார்மல், ஹீமோகுளோபினும் நார்மல்" என்ற ஆறுதலையும் முழுதாக நம்ப முடியாது. திடகாத்திரமான இளைஞர் ஒன்றேகால் லிட்டர் ரத்தம் இழந்தபிறகும் பி.பி. இறங்காமல் இருக்கலாம், நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். ஹீமோகுளோபின் ரத்தத்தின் அடர்த்தியைச் சொல்லும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்லாது.

"வயிற்றில் ஸ்கேன் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை." இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவசரப் பிரிவில் படுக்கையருகிலேயே எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்கு 'ஃபாஸ்ட்' என்று பெயர். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி எனத் திரவம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் துழாவிவிடும். தேங்கியது சுமார் 200 மில்லிக்குக் குறைவென்றால் தப்பிவிடலாம். எந்தக் குழாய் கிழிந்தது என்று அது சொல்லாது. முதுகுப்புறம், சிறுநீரகத்தையும் இடுப்பெலும்பையும் ஒட்டித் தேங்கும் ரத்தம் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. பி.பி. விழுந்துகொண்டிருப்பவரின் வயிற்றில் திரவம் தெரிந்தால் நேரே ஆபரேஷன் தியேட்டர். அந்த ஒரு முடிவுக்கு அது அபாரமான கருவி. ஒன்றும் தெரியாவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கிழிந்த இடத்தைக் காட்டுவது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. அயோடின் கலந்த மருந்து கிழிசல் வழியே வெளியேறிப் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எடுத்தால் திட்டு விரிந்திருக்கும். கசிவு இன்னும் நிற்கவில்லை என்று பொருள். அதை வழிகாட்டியாக வைத்துத் தொடை ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் அடைக்கிறார்கள். இதனால் மண்ணீரலை வெட்டியெடுக்காமலே பலர் பிழைக்கிறார்கள். "அந்த ஊசி போட்டா கிட்னி போயிடும்" என்று கையெழுத்திட மறுக்கும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுநீரகம் சரியாக இயங்குபவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஏற்கெனவே பழுது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் எடைபோட்டுப் பார்ப்பார்.

"எம்.ஆர்.ஐ.தான் பெரிய ஸ்கேன்." செலவில் பெரியது, உண்மை. விபத்தின் அவசரத்தில், சட்டென்று முடியும் சி.டி.தான் முதலில்.

தலையடிக்கு நாள்கணக்கும் உண்டு. சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும், இரண்டு மூன்று வாரத்தில் மங்கி மூளையின் சாம்பல் நிறத்தோடு ஒன்றிவிடும், அப்புறம் கறுக்கும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் உறைக்கடியில் உள்ள சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடியே அவற்றை அறுத்துவிடும். குளியலறையில் வழுக்கிய பாட்டிக்கு அன்றைய சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அறுந்த சிரையிலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்து தேங்க, ஒரு மாதம் கழித்து நடை தடுமாறும், பெயர்கள் மறக்கும். வயசாச்சு என்று விட்டுவிடுகிறோம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த ரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுகிறார்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர் விழுந்தால் மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தாலோ, "நேத்துதானே ஸ்கேன் எடுத்தோம்" என்று காத்திருக்காதீர்கள். அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிப் போங்கள்.