சிலேட்டும் பேரேடும்: தின் கிளையண்ட் கணினியின் எழுத்துக் காப்பு

வியாபாரத்திற்கு உயிர் நாணயம். நாணயத்திற்குச் சாட்சி கணக்கு. நம் முன்னோர் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, இரவு கடை அடைக்குமுன் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். இன்று சிட்டையும் பேரேடும் கணினிக்குள் போய்விட்டன. கருவி மாறியதே ஒழியக் கடமை மாறவில்லை.

நமக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடையில் நடந்ததைக் கேளுங்கள். மாதக் கடனில் சாமான் வாங்கும் வாடிக்கைக்காரர் ஒருவர், பாக்கி 180 வெள்ளியை ஒரு சாயங்காலம் கொண்டு வந்து கட்டினார். கடைப்பையன் பணத்தைக் கல்லாவில் போட்டு, கணினியில் வரவு வைத்தான். இரவு கணினியை நிறுத்தினான். பத்து நாள் கழித்து முதலாளி அவரிடம் பாக்கியைக் கேட்டார்.

"அன்றைக்கே கொடுத்துவிட்டேனே, நானா!"

"கணக்கில் இல்லையே, தம்பி!"

பழி பையன்மேல் விழுந்தது. கணினி அறிந்தவர் வந்து பார்த்த பிறகே உண்மை வெளிப்பட்டது. கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை, பையனும் திருடவில்லை. கணினியின் எழுத்துக் காப்பு, அன்றைய வரவைத் துடைத்துவிட்டிருந்தது! அக்காப்பு யாது, அதை எவ்வாறு அமைப்பது என்பதே இப்பாடம்.

தின் கிளையண்ட் என்பது சிறு பெட்டி போன்ற கணினி. பெரும்பாலான வேலை வேறிடத்திலுள்ள சர்வரில் நடக்கும். இதற்குள் இருப்பது சிறிய ஃபிளாஷ் வட்டே. அவ்வட்டில் ஓயாமல் எழுதினால் அது தேயும். திடீரென மின்சாரம் நின்றால் பழுதும் நேரலாம். ஆகவே வட்டின்மேல் ஒரு காப்புப் போடுகிறார்கள். விண்டோஸில் இதற்கு யூனிஃபைட் ரைட் ஃபில்டர் என்று பெயர்.

பேரேட்டின்மேல் ஒரு கண்ணாடியை வைத்து, கண்ணாடியின்மேல் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குப் பேரேட்டில் எழுதியது போலவே தோன்றும். கண்ணாடியைத் துடைத்தாலோ பழைய பக்கம் அப்படியே இருக்கும். அக்கண்ணாடிக்கு ஓவர்லே என்று பெயர். வழக்கமாக அது ராம் நினைவகத்தில் இருக்கும். கணினியை நிறுத்தித் துவக்கினால் எல்லாம் துடைபட்டுப் போகும். பையன் எழுதியது சிலேட்டில். அவன் நினைத்துக்கொண்டதோ பேரேட்டில்!

இனி அமைக்கும் முறை:

முதலாவது, இவ்வசதி எல்லா விண்டோஸிலும் இல்லை. என்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் வகைகளில் உண்டு. விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் டிவைஸ் லாக்டவுன் என்பதன் கீழ் இதைத் தேர்ந்து நிறுவ வேண்டும். பிறகு நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, யூ.டபிள்யூ.எஃப்.எம்.ஜி.ஆர். என்ற கருவியை அழைத்து, "கெட்-கான்ஃபிக்" என்று கேட்கலாம். இப்போதைய நிலையையும், அடுத்த துவக்கத்திற்குரிய நிலையையும் தனித்தனியே காட்டும்.

இரண்டாவது, கண்ணாடியின் அளவு. தொடக்கத்தில் இது 1024 மெகாபைட். 512-ஐ எட்டியதும் எச்சரிக்கை தரும். கூட்டவோ குறைக்கவோ "ஓவர்லே செட்-சைஸ்" என்ற கட்டளை உண்டு. காப்பு நிறுத்தப்பட்டிருக்கும்போதே இதை மாற்ற வேண்டும். கண்ணாடி நிரம்பினால் கணினி தடுமாறும். வெறுமையாக்க மறுதுவக்கமே வழி. ஆகவே தினமும் கடை அடைக்கும்போது நிறுத்திவிடுவது நல்லது.

மூன்றாவது, விலக்கு. இதுவே வியாபாரிக்கு மிக முக்கியம். கணக்குக் கோப்புகள் எந்த அடைவில் சேர்கின்றன என்று மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டறிந்து, "ஃபைல் ஆட்-எக்ஸ்க்ளூஷன்" என்ற கட்டளையோடு அந்த அடைவின் முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். அதன்பின் அங்கு எழுதுவது வட்டிலேயே பதியும். ஆனால் சி வட்டு முழுவதையுமோ விண்டோஸ் அடைவையோ விலக்க இயலாது. கணக்கைச் சர்வரில் வைப்பதானால் இவ்விலக்கே வேண்டாம். அதுவே மேலான வழி.

நான்காவது, "வால்யூம் புரொடெக்ட் சி:" என்று கொடுத்து, பிறகு "ஃபில்டர் எனேபிள்" என்று கொடுக்க வேண்டும். கணினியை மறுபடி துவக்கினால்தான் இவை நடைமுறைக்கு வரும்.

ஐந்தாவது, பிற்காலத் திருத்தங்கள். ஒரு கோப்பை மட்டும் நிலைநிறுத்த "ஃபைல் கமிட்" போதும். புது மென்பொருள் நிறுவுவதானால் காப்பை நிறுத்தி, மறுதுவக்கம் செய்து, வேலை முடித்து, மீண்டும் காப்பிட்டுத் துவக்க வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கென சர்வீசிங் முறை தனியே இருக்கிறது.

நிற்க. காப்பு இருக்கிறதே என்று மெத்தனமாய் இருத்தல் கூடாது. கிருமி நிரல் புகுந்தால், காக்கப்பட்ட இடத்தில் அது செய்த மாற்றங்கள் மறுதுவக்கத்தில் மறையும். அதற்குள் அது திருடிய கடவுச்சொல் திரும்பி வராது. விலக்கிய அடைவுக்கோ இக்காப்பே கிடையாது. ஆதலின் கணக்கிற்கு வேறோர் இடத்தில் நகல் வைத்தே தீர வேண்டும்.

இறுதியாக ஒரு பரீட்சை. கணக்கு அடைவில் ஒரு கோப்பும், வேறோர் அடைவில் ஒரு கோப்பும் எழுதி வையுங்கள். கணினியை நிறுத்தித் துவக்குங்கள். முதலாவது இருந்து, மற்றது மறைந்திருந்தால் அமைப்புச் சரி. முதலாவதும் மறைந்திருந்தால், அன்றே கணினியாளரை அழையுங்கள். அதுவரை காகிதச் சிட்டையை மூடாதீர்கள்.

அந்த மளிகைக் கடை முதலாளி வாடிக்கைக்காரர் வீடு தேடிப் போய் வருத்தம் தெரிவித்தார், பையனிடமும் தெரிவித்தார். இருவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் பத்து நாள் ஒரு பையன் கள்வன் என்ற பெயரோடு கடையில் நின்றானே! பரீட்சைக்கு ஆகும் நேரமோ பத்தே நிமிஷம்.